நெட்வொர்க் கம்ப்யூட்டர்களை பேக்கப் எடுக்கவும் ரீஸ்டோர் செய்யவும் பூட் டிஸ்க் தயாரிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அலுவலகம், பள்ளி, ஆய்வகம் எதுவானாலும், ஒரே நெட்வொர்க்கில் பல கம்ப்யூட்டர்கள் இருக்கும் இடத்தைப் பராமரிப்பவர்களுக்கான பக்கம் இது. பூட் டிஸ்க்காகத் தயாரித்த பென்டிரைவிலிருந்து கம்ப்யூட்டரை பூட் செய்து, அதன் ஹார்டு டிஸ்க்கை முழு இமேஜாக (உள்ளிருப்பதன் அப்படியேயான பிரதியாக) சர்வருக்கு அனுப்புவதும், தேவைப்படும்போது அதே வழியில் திருப்பிக் கொண்டுவருவதும் இங்கே விளக்கப்படுகின்றன.

விண்டோஸ் ஓடும்போதே பேக்கப் எடுக்க மென்பொருள்கள் இருக்கின்றனவே, தனியாக பூட் டிஸ்க் எதற்கு?

எடுப்பதற்கு அவை போதும். சிக்கல் திருப்பிப் போடும் நாளில்தான் வரும். ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸ், தான் உட்கார்ந்திருக்கும் சி டிரைவையே அழித்து எழுத முடியாது. டிஸ்க் செத்துவிட்டால் ஓடுவதற்கு விண்டோஸே இருக்காது. ஆகவே பூட் டிஸ்க் முதலில் ரீஸ்டோருக்கான கருவி, பிறகுதான் பேக்கப்புக்கானது. கம்ப்யூட்டர் நன்றாக இருக்கும்போதே அதைத் தயாரித்து, அந்த மாடலிலேயே ஓட்டிப் பார்த்துவிட வேண்டும்.

ஒரு பூட் டிஸ்க் சரியானது என்று எப்படித் தீர்மானிப்பது?

மூன்று சோதனைகள். கம்ப்யூட்டர் அதிலிருந்து பூட் ஆக வேண்டும். பூட் ஆனபின் உள்ளிருக்கும் ஹார்டு டிஸ்க் அதன் கண்ணில் பட வேண்டும். நெட்வொர்க் கார்டு வேலை செய்து சர்வர் வரை போய்ச்சேர வேண்டும். மூன்றில் ஒன்று தவறினாலும் மற்ற இரண்டால் பயனில்லை. ஒரு மாடலில் மூன்றும் தேறியது என்பதால் பக்கத்து மாடலிலும் தேறும் என்று நம்ப வேண்டாம். உங்களிடம் ஐந்து மாடல்கள் இருந்தால் ஐந்திலும் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் பத்து நிமிடம்கூட ஆகாது.

க்ளோன்ஸில்லாவா, வின்பிஈயா? எதை எடுப்பது?

பெரும்பாலான இடங்களுக்கு க்ளோன்ஸில்லா போதும். அது லினக்ஸ் அடிப்படையிலான இலவச மென்பொருள். விண்டோஸ், லினக்ஸ் இரண்டையும் இமேஜ் எடுக்கும். பார்ட்டிஷன் அமைப்பையும் (டிஸ்க் எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்பதையும்) சேர்த்தே சேமிக்கும். தகவல் உள்ள பகுதிகளை மட்டும் படிப்பதால், 500 ஜிபி டிஸ்க்கில் 80 ஜிபிதான் பயன்பாட்டில் இருக்கிறது என்றால் அந்த 80 ஜிபியை மட்டும் சுருக்கி எழுதும்.

வின்பிஈ என்பது மைக்ரோசாஃப்ட் தரும் சிறிய விண்டோஸ். அதில் டிஸ்ம் கட்டளை மூலம் விம் வகை இமேஜ் எடுக்கலாம். இது ஃபைல்வாரியாக எடுப்பதால் சிறிய டிஸ்க்கிலும் திருப்பிப் போட முடியும். ஒரே விம் ஃபைலில் பல கம்ப்யூட்டர்களின் இமேஜ்களைச் சேர்க்கலாம், பொதுவான ஃபைல்கள் ஒருமுறைதான் இடம் பிடிக்கும். ஆனால் பார்ட்டிஷன் அமைப்பை விம் சுமப்பதில்லை. ரீஸ்டோரின்போது டிஸ்க்பார்ட் கட்டளை கொண்டு ஈஎஃப்ஐ பார்ட்டிஷன் (பூட் ஃபைல்களுக்கான இடம்), 16 எம்பி ரிசர்வ்டு பார்ட்டிஷன், விண்டோஸ் பார்ட்டிஷன் ஆகியவற்றை நீங்களே உருவாக்கி, இமேஜைப் பிரித்துப் போட்டு, கடைசியில் பூட் ஃபைல்களை எழுதும் பிசிடிபூட் கட்டளையை ஓட்ட வேண்டும். அந்தக் கடைசிக் கட்டளையை மறந்தால் எல்லா ஃபைலும் சரியாக இருக்கும், கம்ப்யூட்டர் மட்டும் பூட் ஆகாது.

விண்டோஸ் டிரைவரை (வன்பொருளை இயக்கும் மென்பொருளை) சேர்த்தால்தான் டிஸ்க்கோ நெட்வொர்க் கார்டோ தெரியும் என்ற நிலையிலுள்ள மாடல்களுக்கு வின்பிஈயை எடுங்கள். இரண்டையும் வைத்துக்கொள்வது நல்லது.

பென்டிரைவில் க்ளோன்ஸில்லாவை எழுதுவது எப்படி?

பதிவிறக்கக் கிடைக்கும் ஐஎஸ்ஓ ஃபைல் (முழு டிஸ்க்கும் ஒரே ஃபைலாக) ஒரு ஜிபிக்கும் குறைவுதான். 8 ஜிபி பென்டிரைவ் தாராளம். பதிவிறக்கிய ஃபைலின் செக்சம்மை (ஃபைல் சிதையவில்லை என்று காட்டும் குறியீட்டை), தளத்தில் கொடுத்திருப்பதோடு ஒப்பிட்ட பிறகே எழுதுங்கள்.

விண்டோஸில் ரூஃபஸ் மென்பொருளைத் திறந்து பென்டிரைவையும் ஐஎஸ்ஓவையும் தேர்வு செய்யுங்கள். பார்ட்டிஷன் முறைக்கு, யூஈஎஃப்ஐ (கம்ப்யூட்டரை முதலில் எழுப்பும் புதிய வகை மென்பொருள்; பழையது பயோஸ்) கம்ப்யூட்டர்கள் மட்டும் இருந்தால் ஜிபிடி, பழைய பயோஸ் கம்ப்யூட்டர்களும் இருந்தால் எம்பிஆர். எழுதத் தொடங்கும்போது ஐஎஸ்ஓ முறையா (ஃபைல்களாக எழுதுவது), டிடி முறையா (அப்படியே நகலெடுப்பது) என்று கேட்கும். முதலில் ஐஎஸ்ஓ முறையில் எழுதிப் பாருங்கள், பூட் ஆகாவிட்டால் டிடி. டிடி முறையில் எழுதிய பென்டிரைவை விண்டோஸில் செருகினால், ஃபார்மேட் செய்யவா என்று கேட்கக்கூடும். அதற்கு ஒப்புக்கொண்டால் எழுதியது போய்விடும்.

பல கருவிகளை ஒரே பென்டிரைவில் வைக்க வென்டாய் வசதியானது. அதை ஒருமுறை நிறுவிவிட்டால், பிறகு ஐஎஸ்ஓ ஃபைல்களைச் சாதாரணமாக காப்பி செய்தாலே மெனுவில் வந்துவிடும். செக்யூர் பூட் (கையொப்பமிட்ட பூட் ஃபைல்களை மட்டும் ஓடவிடும் பாதுகாப்பு) உள்ள கம்ப்யூட்டரில் முதல்முறை வென்டாயின் சாவியைப் பதிவு செய்யச் சொல்லி நீலத் திரை வரும். ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் இதை ஒருமுறை செய்ய வேண்டும்.

வின்பிஈ பென்டிரைவ்?

மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து ஏடிகே (விண்டோஸை நிறுவ உதவும் கருவித் தொகுப்பு), அதற்கான வின்பிஈ ஆட்-ஆன் என இரண்டையும் நிறுவ வேண்டும். விண்டோஸ் 10இன் 1809 பதிப்பிலிருந்து இவை தனித்தனி. ஆட்-ஆனை விட்டுவிட்டு, காப்பிபிஈ கட்டளை ஏன் ஓடவில்லை என்று தேடுபவர்கள் நிறைய. காப்பிபிஈ கொண்டு வேலை ஃபோல்டரை உருவாக்குங்கள். அதிலுள்ள பூட்.விம் ஃபைலை டிஸ்ம் கொண்டு மவுண்ட் செய்து (ஃபோல்டரைப் போலத் திறந்து), உங்கள் மாடல்களின் நெட்வொர்க், ஸ்டோரேஜ் டிரைவர்களைச் சேர்த்து, மாற்றங்களைச் சேமித்து அன்மவுண்ட் செய்யுங்கள். டிரைவர்கள் ஐஎன்எஃப் ஃபைலாகப் பிரித்தெடுத்த வடிவில் இருக்க வேண்டும். நிறுவும் ஈஎக்ஸ்ஈ ஃபைலை டிஸ்ம் ஏற்காது. பிறகு மேக்வின்பிஈமீடியா கட்டளையால் பென்டிரைவில் எழுதலாம்.

வின்பிஈ தொடர்ந்து 72 மணி நேரம் ஓடினால் தானாகவே ரீஸ்டார்ட் ஆகிவிடும். மெதுவான நெட்வொர்க்கில் பெரிய வேலையை வார இறுதிக்கு ஓடவிட்டுப் போகிறவர்கள் இதைக் கணக்கில் வைக்க வேண்டும்.

பென்டிரைவ் ஃபேட்32 வடிவில் இருந்தால் 4 ஜிபி அளவுள்ள ஃபைலை அதில் வைக்க முடியாது, ஒரு பைட்டாவது குறைவாக இருக்க வேண்டும். இமேஜையும் அதே பென்டிரைவில் வைக்க நினைத்தால் என்டிஎஃப்எஸ் வடிவில் இரண்டாவது பார்ட்டிஷன் போடுங்கள்.

பென்டிரைவ் பூட் மெனுவிலேயே வரவில்லை. ஏன்?

யூஈஎஃப்ஐ, பென்டிரைவில் ஈஎஃப்ஐ என்ற ஃபோல்டரையும் அதற்குள் பூட் என்ற ஃபோல்டரையும் தேடி, அங்கிருக்கும் பூட்எக்ஸ்64 என்ற ஈஎஃப்ஐ ஃபைலைத்தான் ஓட்டும். பென்டிரைவ் ஃபேட் வடிவில் இல்லாவிட்டாலோ அந்த ஃபைல் அங்கே இல்லாவிட்டாலோ பல கம்ப்யூட்டர்களில் மெனுவில் பெயரே வராது. பயோஸ் அமைப்பில் யூஎஸ்பி பூட் தடுக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். நிர்வாகிகள் முன்பே தடுத்து வைத்த கம்ப்யூட்டர்களில் பயோஸ் பாஸ்வேர்டு இல்லாமல் நகர முடியாது. அந்தப் பாஸ்வேர்டை இப்போதே தேடிக் கண்டுபிடித்துக் குறித்து வையுங்கள்.

செக்யூர் பூட்டை அணைக்கத்தான் வேண்டுமா?

முடிந்தவரை அணைக்காதீர்கள். இப்போதைய க்ளோன்ஸில்லாவும் வின்பிஈயும் கையொப்பமிட்ட பூட் ஃபைல்களோடு வருவதால் செக்யூர் பூட் இயங்கும்போதே பூட் ஆகும். ஆனால் பழைய பென்டிரைவ்கள் திடீரென்று பூட் ஆகாமல் போகலாம். 2023இல் பிளாக்லோட்டஸ் என்ற பூட் வகை மால்வேருக்கு எதிராக, பழைய விண்டோஸ் பூட் ஃபைல்களை நிராகரிக்கும் ஏற்பாட்டை மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்தது. அந்த நிராகரிப்பு அமலான கம்ப்யூட்டரில், அதற்கு முன் தயாரித்த வின்பிஈ ஓடாது. தவிர, 2011இல் வெளியான செக்யூர் பூட் சான்றிதழ்கள் 2026இல் காலாவதியாகி, 2023ஆம் ஆண்டுச் சான்றிதழ்கள் அவற்றின் இடத்துக்கு வருகின்றன. ஆகவே கம்ப்யூட்டர்களை அப்டேட் செய்யும்போது பூட் டிஸ்க்கையும் புதிதாக எழுதி, மறுபடி ஓட்டிப் பாருங்கள்.

அணைத்தே ஆக வேண்டிய நிலை வந்தால், முதலில் விண்டோஸில் பிட்லாக்கரை (டிஸ்க்கைக் குறியாக்கம் செய்து பூட்டும் வசதியை) தற்காலிகமாக நிறுத்தி வையுங்கள். இல்லாவிட்டால் அடுத்த முறை விண்டோஸ் பூட் ஆகும்போது 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டு நிற்கும்.

பூட் ஆகிறது, ஆனால் உள்ளிருக்கும் டிஸ்க் தெரியவில்லை.

கிட்டத்தட்ட எப்போதும் ஸ்டோரேஜ் கன்ட்ரோலர் அமைப்புதான் காரணம். இன்டெல் கம்ப்யூட்டர்களில் பயோஸுக்குள் ரெய்டு (பல டிஸ்க்குகளை ஒன்றாக இணைக்கும் முறை) அல்லது விஎம்டி (இன்டெல்லின் டிஸ்க் நிர்வாக முறை) என்ற நிலை இயங்கிக்கொண்டிருக்கும். 11ஆம் தலைமுறை முதல் லேப்டாப்களில் விஎம்டி பரவலாக வந்தது. வின்பிஈயில் இன்டெல்லின் விஎம்டி டிரைவரைச் சேர்த்தால் டிஸ்க் தெரிந்துவிடும். லினக்ஸில் விஎம்டி டிரைவர் ஏற்கெனவே உண்டு, ஆனால் அதற்கு முந்தைய ரெய்டு நிலையில் என்விஎம்ஈ டிஸ்க்குகள் லினக்ஸுக்குத் தெரியாமல் போவது வழக்கம்.

பயோஸில் ஏஹெச்சிஐ என்ற சாதாரண டிஸ்க் நிலைக்கு மாற்றினால் லினக்ஸுக்குத் தெரியும். ஆனால் அப்படியே விட்டுவிட்டு விண்டோஸை பூட் செய்தால், பூட் டிவைஸை அணுக முடியவில்லை என்ற நீலத் திரைதான் வரும். இமேஜ் வேலை முடிந்ததும், விண்டோஸைத் தொடாமல் பயோஸை முன்பிருந்த நிலைக்கே திருப்புங்கள். இரண்டு டிஸ்க்குகளை உண்மையாகவே ரெய்டாக இணைத்திருக்கும் கம்ப்யூட்டரில் மட்டும் இந்த வழியில் போக வேண்டாம்.

டிஸ்க் தெரிகிறது, நெட்வொர்க் வரவில்லை.

ஐபி முகவரியைப் பாருங்கள். வின்பிஈயில் ஐபிகான்ஃபிக் அடித்தால் எதுவுமே வரவில்லை என்றால் டிரைவர் இல்லை. 169.254 என்று தொடங்கினால் கார்டு வேலை செய்கிறது, ஐபி முகவரி தரும் டிஹெச்சிபியிடமிருந்துதான் பதில் வரவில்லை. இரண்டாவது வகைக்கு, கேபிளைத் தவிர அடிக்கடி தவறவிடப்படும் காரணங்கள் இரண்டு உண்டு.

ஒன்று, சுவிட்சின் ஸ்பானிங் ட்ரீ (நெட்வொர்க்கில் சுழல் பாதை உருவாகாமல் தடுக்கும் வசதி). கம்ப்யூட்டர் இணைந்தவுடன் சுவிட்ச் அந்தப் போர்ட்டை 15 விநாடி கேட்டு, இன்னொரு 15 விநாடி கற்று, 30 விநாடி கழித்துத்தான் திறக்கும். அதற்குள் டிஹெச்சிபி கேட்டு அலுத்து விட்டுவிடும். கம்ப்யூட்டர்கள் செருகும் போர்ட்களை எட்ஜ் போர்ட் அல்லது போர்ட்ஃபாஸ்ட் என்று அமைத்தால் தீரும். அதுவரை, ஒரு நிமிடம் காத்திருந்து மறுபடி ஐபி கேளுங்கள்.

இரண்டு, நெட்வொர்க்கில் சேரும் கம்ப்யூட்டரைச் சரிபார்க்கும் 802.1எக்ஸ் அங்கீகாரம். விண்டோஸில் இருக்கும் சான்றிதழ் பூட் டிஸ்க்கில் இருக்காது. சுவிட்ச் அந்தக் கம்ப்யூட்டரை அடையாளம் தெரியாததாகக் கருதி வெளியே நிறுத்திவிடும். இமேஜ் வேலைக்கென்று ஒரு போர்ட்டைத் தனியாக ஒதுக்கிக்கொள்வதே எளிது.

க்ளோன்ஸில்லாவில் கார்டே தெரியாவிட்டால் உபுண்டு அடிப்படையிலான பதிப்பை முயன்று பாருங்கள், அதன் கெர்னல் (டிரைவர்கள் அடங்கிய மையப் பகுதி) வேறு. அதுவும் உதவாவிட்டால் யூஎஸ்பி ஈத்தர்நெட் அடாப்டர் ஒன்றைக் கைவசம் வையுங்கள். வைஃபையில் இந்த வேலையைச் செய்யவே வேண்டாம்.

சர்வரில் என்ன ஏற்பாடு வேண்டும்?

சாம்பா (லினக்ஸில் விண்டோஸ் வகை ஷேர் தரும் மென்பொருள்) அல்லது விண்டோஸ் ஷேர் ஒன்று போதும். எஸ்எஸ்ஹெச், என்எஃப்எஸ் என்ற வேறு நெட்வொர்க் முறைகள் வழியாகவும் க்ளோன்ஸில்லா எழுதும். விண்டோஸ் 10இன் 1709 பதிப்பிலிருந்து எஸ்எம்பி1 (ஷேர்களை அணுகும் முறையின் பழைய பதிப்பு) இயல்பாக நிறுவப்படுவதில்லை, சாம்பாவும் 4.11 பதிப்பில் அதை அணைத்துவிட்டது. எஸ்எம்பி1 மட்டும் தெரிந்த மிகப் பழைய பூட் டிஸ்க் புதிய சர்வரோடு பேசாது. அதற்காக சர்வரில் எஸ்எம்பி1ஐத் திறந்துவிடாதீர்கள், டிஸ்க்கைப் புதுப்பியுங்கள்.

இரண்டு கணக்குகள் உருவாக்குங்கள். எழுதும் உரிமை உள்ளது பேக்கப்புக்கு, படிக்க மட்டும் உரிமை உள்ளது ரீஸ்டோருக்கு. எழுதும் கணக்கின் பாஸ்வேர்டைப் பென்டிரைவில் சேமிக்கக் கூடாது. இமேஜ் ஷேரை எந்தக் கம்ப்யூட்டரிலும் நிரந்தர டிரைவாக மேப் செய்யவும் கூடாது, ஏனென்றால் ஒரு கம்ப்யூட்டரில் ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் மால்வேர்) புகுந்தால் அந்த வழியாக எல்லா இமேஜையும் பூட்டிவிடும். நெட்வொர்க்கிலிருந்து கழற்றி வைத்த ஒரு பிரதி கட்டாயம் வேண்டும்.

விண்டோஸை முதலில் எப்படித் தயார் செய்வது?

ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் இயங்கினால், ஷட்டவுன் செய்தாலும் விண்டோஸ் முழுமையாக அணைவதில்லை, என்டிஎஃப்எஸ் பார்ட்டிஷன் பாதி திறந்த நிலையில் நிற்கும். க்ளோன்ஸில்லா அதைப் படிக்க மறுக்கும். ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு ஷட்டவுன் செய்யுங்கள், அல்லது பவர்சிஎஃப்ஜி கட்டளையால் ஹைபர்னேஷனை அணைத்துவிடுங்கள். அப்படியும் மறுத்தால் டிஸ்க் பிழைகளைச் சரிசெய்யும் செக்டிஸ்க்கை எஃப் தேர்வோடு ஓட்டிவிட்டு வாருங்கள்.

பிட்லாக்கர் விஷயத்தில் ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்தினால் டிஸ்க் திறந்துவிடாது. தகவல் குறியாக்கம் செய்யப்பட்டபடியேதான் இருக்கும், சாவி மட்டும் திறந்து கிடக்கும். வெளியிலிருந்து பூட் செய்யும் கருவி, எது ஃபைல் எது காலியிடம் என்று பிரிக்க முடியாமல் முழுப் பார்ட்டிஷனையும் செக்டர் செக்டராக எடுக்கும். குறியாக்கம் செய்த தகவல் சுருங்கவும் சுருங்காது, 500 ஜிபி பார்ட்டிஷன் ஏறக்குறைய 500 ஜிபி இமேஜாகவே வரும். சிறிய இமேஜ் வேண்டுமானால் பிட்லாக்கரை முழுவதுமாக நீக்கிவிட்டு எடுங்கள், எடுத்த பிறகு மறுபடி போடுங்கள். விண்டோஸ் 11இன் 24ஹெச்2 பதிப்பைப் புதிதாக நிறுவிய பல கம்ப்யூட்டர்களில் டிவைஸ் என்கிரிப்ஷன் தானாகவே தொடங்கியிருக்கும். பிட்லாக்கரை நாங்கள் போடவில்லையே என்று நினைக்காமல் சரிபாருங்கள்.

க்ளோன்ஸில்லாவில் இமேஜ் எடுக்கும் வரிசை என்ன?

பூட் மெனுவில் டூ ரேம் என்ற தேர்வை எடுத்தால், ஏற்றி முடிந்ததும் பென்டிரைவைக் கழற்றி அடுத்த கம்ப்யூட்டரில் செருகலாம். மொழி, விசைப்பலகை முடிந்ததும் டிவைஸ்-இமேஜ் முறை, பிறகு சாம்பா சர்வர். சர்வரின் ஐபி, டொமைன், கணக்கு, ஃபோல்டர், எஸ்எம்பி பதிப்பு, கடைசியாக பாஸ்வேர்டு என்று வரிசையாகக் கேட்கும். சர்வர் பெயருக்குப் பதில் ஐபியைக் கொடுங்கள், பெயரைத் தேடும் சிக்கல் ஒன்று குறையும். பிகினர் முறையில் சேவ்டிஸ்க்கைத் தேர்வு செய்யுங்கள்.

இமேஜுக்குப் பெயர் வைக்கும்போது கம்ப்யூட்டரின் பெயர், மாடல், தேதி மூன்றும் இருக்கட்டும். இமேஜ் முடிந்ததும் சரிபார்க்கவா என்ற கேள்விக்கு ஆம் என்றே சொல்லுங்கள், நேரம் கூடினாலும் பரவாயில்லை.

ரீஸ்டோரில் உயிர்நாடி, டிஸ்க்கைத் தேர்வு செய்யும் திரை. எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்கள் ஒவ்வொரு பூட்டிலும் மாறலாம். அவற்றை நம்பாமல் மாடல் எண்ணையும் அளவையும் வாசியுங்கள். வெளி யூஎஸ்பி டிஸ்க்குகளை முன்கூட்டியே கழற்றிவிடுங்கள். தவறான டிஸ்க்கில் ரீஸ்டோர் ஓடத் தொடங்கினால், முதல் சில விநாடிகளிலேயே அதன் பார்ட்டிஷன் அட்டவணை போய்விடும்.

எவ்வளவு நேரம் ஆகும்?

கிகாபிட் நெட்வொர்க்கில் நடைமுறை வேகம் விநாடிக்கு 110 எம்பி அளவு. 100 ஜிபி போக ஏறத்தாழ 15 நிமிடம். 100 மெகாபிட்டில் விநாடிக்கு 11 எம்பிதான் போகும், அதே வேலைக்கு இரண்டரை மணி நேரம். சுருக்கி அனுப்புவதால் இதைவிடக் குறையலாம்.

திரையில் வேகம் நிமிடத்துக்கு இத்தனை ஜிபி என்று ஓடும். 6 அல்லது அதற்கு மேல் இருந்தால் சரி. கிகாபிட் சுவிட்சில் இருந்தும் 0.7 அளவிலேயே திணறினால் கேபிளை மாற்றுங்கள். கிகாபிட்டுக்கு நான்கு ஜோடிக் கம்பிகளும் வேண்டும், 100 மெகாபிட்டுக்கு இரண்டே போதும். ஒரு ஜோடி அறுந்தால் இணைப்பு அறுவதில்லை, சத்தமில்லாமல் கீழ் வேகத்துக்கு இறங்கிவிடும்.

வேறு அளவு டிஸ்க்கில் திருப்பிப் போட முடியுமா?

பெரிய டிஸ்க்கில் முடியும். மிச்ச இடம் கடைசியில் சும்மா கிடக்கும். சி டிரைவை அதில் விரிக்கப் போனால் நடுவில் ரிக்கவரி பார்ட்டிஷன் குறுக்கே நிற்கும். ஜிபார்ட்டட் என்ற பார்ட்டிஷன் கருவி கொண்டு அதைக் கடைசிக்கு நகர்த்திவிட்டு விரியுங்கள். சிறிய டிஸ்க் என்றால், இமேஜ் எடுக்கும் முன்பே மூல டிஸ்க்கில் பார்ட்டிஷனைச் சுருக்கியிருக்க வேண்டும். 500 ஜிபி என்று அச்சிட்ட இரண்டு டிஸ்க்குகள் செக்டர் எண்ணிக்கையில் வேறுபடலாம், சற்றே சிறியதாக இருந்தாலும் க்ளோன்ஸில்லா ஏற்காது.

ரீஸ்டோர் செய்த கம்ப்யூட்டரில் டொமைன் லாகின் ஆகவில்லை.

டொமைனில் (கணக்குகளையும் கம்ப்யூட்டர்களையும் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் அமைப்பில்) இருக்கும் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் தனக்கென ஒரு பாஸ்வேர்டு உண்டு, இயல்பாக 30 நாளுக்கு ஒருமுறை அது மாறும். பழைய இமேஜ் பழைய பாஸ்வேர்டோடு திரும்பி வருவதால், டிரஸ்ட் உறவு முறிந்தது என்ற செய்தி வரும். லோக்கல் நிர்வாகி கணக்கில் நுழைந்து, பவர்ஷெல்லில் டெஸ்ட்-கம்ப்யூட்டர்செக்யூர்சானல் கட்டளையை ரிப்பேர் தேர்வோடு, டொமைன் நிர்வாகியின் விவரம் கொடுத்து ஓட்டுங்கள். டொமைனிலிருந்து வெளியேறி மறுபடி சேர வேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லை.

இங்கே இன்னொரு பள்ளம் இருக்கிறது. லாப்ஸ் (லோக்கல் நிர்வாகி பாஸ்வேர்டைத் தானாக மாற்றும் மைக்ரோசாஃப்ட் வசதி) பயன்படுத்தும் இடங்களில் லோக்கல் நிர்வாகியின் பாஸ்வேர்டும் மாறிக்கொண்டே இருக்கும். டொமைனில் தெரிவது இன்றைய பாஸ்வேர்டு, இமேஜுக்குள் இருப்பது எடுத்த நாளின் பாஸ்வேர்டு. இமேஜ் எடுக்கும்போதே அதைப் பத்திரமான இடத்தில் குறித்து வைக்காவிட்டால் இரண்டு கதவும் அடைத்துவிடும்.

ஒரே இமேஜை முப்பது கம்ப்யூட்டர்களில் போடலாமா?

ஒரு கம்ப்யூட்டரின் இமேஜை அதிலேயே திருப்பிப் போட எந்தத் தயாரிப்பும் வேண்டாம். மற்றவற்றில் போடுவதானால், விண்டோஸில் சிஸ்பிரெப்பை (அந்தக் கம்ப்யூட்டருக்கே உரிய அடையாளங்களை நீக்கும் கருவியை) ஜெனரலைஸ் தேர்வோடு ஓட்டி ஷட்டவுன் ஆகவிட்டு, விண்டோஸை மறுபடி பூட் ஆகவிடாமல் நேராகப் பென்டிரைவுக்குப் போய் இமேஜ் எடுங்கள். ஒருமுறை விண்டோஸ் எழுந்துவிட்டால் அந்தத் தயாரிப்பு வீண். லினக்ஸில் மெஷின்-ஐடியையும் (கம்ப்யூட்டரின் தனி அடையாள எண்ணையும்) எஸ்எஸ்ஹெச் ஹோஸ்ட் சாவிகளையும் அழித்துப் புதிதாக உருவாக வழி செய்யுங்கள். மெஷின்-ஐடி ஒன்றாகவே இருந்தால் சில அமைப்புகளில் பல கம்ப்யூட்டர்கள் ஒரே ஐபியைக் கேட்டு நிற்கும்.

எண்ணிக்கை பெரிதானால் பென்டிரைவை விட்டு பிஎக்ஸ்ஈக்கு (நெட்வொர்க் வழியாகவே பூட் செய்யும் முறைக்கு) மாறுங்கள். டிஹெச்சிபியில் 66, 67 ஆப்ஷன்கள் பூட் சர்வரையும் பூட் ஃபைலையும் சொல்லும், ஃபைல் டிஎஃப்டிபி என்ற எளிய ஃபைல் அனுப்பும் முறை வழியாக யூடிபி 69ஆம் போர்ட்டில் வரும். யூஈஎஃப்ஐ கம்ப்யூட்டருக்கும் பழைய பயோஸ் கம்ப்யூட்டருக்கும் பூட் ஃபைல் வேறு வேறு. க்ளோன்ஸில்லாவின் சர்வர் பதிப்பு மல்டிகாஸ்ட் முறையில் எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் அனுப்பும், ஆனால் கூட்டத்தில் மிக மெதுவான கம்ப்யூட்டரின் வேகத்தில்தான் அனைத்தும் நகரும். பழுதான டிஸ்க் உள்ள ஒன்றை வெளியே எடுத்தாலே வேகம் பல மடங்கு ஏறும்.

டொமைனை நிர்வகிக்கும் சர்வரான டொமைன் கன்ட்ரோலரையும் இப்படியே இமேஜ் எடுத்துப் போடலாமா?

கூடாது. பழைய இமேஜைத் திருப்பிப் போட்டால் யுஎஸ்என் ரோல்பேக் என்ற சிக்கல் வரும். மற்ற கன்ட்ரோலர்கள் ஏற்கெனவே பார்த்துவிட்ட எண்களை இது மறுபடி பயன்படுத்துவதால், மாற்றங்கள் ஒன்றுக்கொன்று போய்ச்சேராமல் அமைதியாகத் தொலையும். டொமைன் கன்ட்ரோலருக்கு சிஸ்டம் ஸ்டேட் பேக்கப்பே (விண்டோஸின் முக்கிய அமைப்புத் தகவல்களின் பேக்கப்) வழி. இன்னொரு கன்ட்ரோலர் நலமாக இருந்தால், பழுதானதை நீக்கிவிட்டுப் புதிதாக அமைப்பது இன்னும் சுத்தம்.

இமேஜ் நன்றாக இருக்கிறது என்று உறுதியாகத் தெரிவது எப்போது?

வேறொரு டிஸ்க்கில் அதைத் திருப்பிப் போட்டு, பூட் செய்து, லாகின் ஆகி, முக்கியமான ஒரு மென்பொருளைத் திறந்து பார்த்த பிறகுதான். க்ளோன்ஸில்லாவின் சரிபார்ப்பு, ஃபைல் சிதையவில்லை என்பதை மட்டும் சொல்லும். அந்த இமேஜிலிருந்து கம்ப்யூட்டர் எழும் என்று சொல்லாது. காலி டிஸ்க் ஒன்றை இதற்கென்றே வாங்கி வையுங்கள். சோதனை செய்யும்போது மூல டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, இமேஜ் ஏறியதும் நெட்வொர்க் கேபிளையும் பிடுங்கிவிட்டு பூட் செய்யுங்கள். டொமைன் கணக்கு கேபிள் இல்லாமல் உள்ளே விடாவிட்டால் லோக்கல் கணக்கு போதும். கேபிளோடு எழுந்து, அந்த நேரத்தில் டொமைனில் தன் பாஸ்வேர்டை மாற்றிக்கொண்டால், சோதனை முடிந்து மூல டிஸ்க்கை மாட்டும்போது டிரஸ்ட் முறிந்திருக்கும்.